மூன்றாவது ரவுண்டில் விழுந்தவன்

கடந்த நான்கு வருடங்களில் ஷோயப்புக்குக் கிடைத்த நல்லதெல்லாம் ஒரே ஒரு குத்தினால் கிடைத்தது. தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரிங் கட்டி நடத்திய போட்டி அது. அன்று காலை அங்கே யாருக்கோ நிச்சயதார்த்தம். பெண், மாப்பிள்ளை பெயர் எழுதிய பூ வளைவை வாசலிலிருந்து கழற்றாமலே சாயங்காலம் குத்துச்சண்டைக்கு ஆள் கூடிவிட்டது. சாம்பார் வாசனைகூடப் போகவில்லை. மூன்றாவது ரவுண்டு தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்கும், ஷோயப்பின் வலது கை பட்டினப்பாக்கம் தேசப்பனின் இடது கண்ணை ஒட்டி இறங்கியது. தேசப்பன் முதலில் முட்டி போட்டான், பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அதற்கு முன் பதினொரு போட்டிகளில் ஒரு தடவைகூடக் கீழே விழாதவன் தேசப்பன். அதனால் அவன் விழுந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதைப் பார்த்துத்தான் அடையாறில் ஜிம் வைத்திருக்கும் சுவாமிநாதன் ஷோயப்பைக் கூப்பிட்டுப் பயிற்சியாளர் வேலை கொடுத்தார். கை ஓங்கி நிற்கும் அவன் படத்தைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பு மேஜைக்குப் பின்னால் மாட்டினார். அடிதடிக்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று இழுத்துக்கொண்டிருந்த ரூஹியின் அப்பாவும் அதைப் பார்த்துத்தான் இறங்கி வந்தார். மீர்சாகிப்பேட்டையில் தோல் பை தைத்து விற்பவர் அவர். இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மொபைலை நீட்டி, மாப்பிள்ளை அடிப்பதைப் பார்க்கச் சொல்கிறார்.

அந்தப் போட்டியை நடத்திய புரமோட்டர் ஜவஹர். அறுபதை நெருங்குகிறவர். குத்துச்சண்டைக்கு டிக்கெட் போட்டு மண்டபத்தை நிரப்ப முடியும் என்று காட்டியவர். குப்பம், ஹவுசிங்போர்டு, மசூதித் தெரு என்று அலைந்து பையன்களைப் பிடித்து வந்து, முட்டையும் பாலும் வாங்கிக் கொடுத்து ரிங்கில் ஏற்றுவார். அவரைத் தெய்வம் என்பவர்களும் உண்டு, ஆளை அடிபட வைத்துப் பிழைக்கிறவர் என்பவர்களும் உண்டு. ஷோயப் முதல் கட்சி.

ஒரு புதன்கிழமை காலை, தரமணிக்கும் பெருங்குடிக்கும் வேலைக்குப் போகிறவர்களின் வகுப்பு முடிந்து ஜிம் காலியாகியிருந்தபோது, சாய்சரண் என்ற பையன் அவனைத் தேடி வந்தான். மயிலாப்பூரில் இருந்துகொண்டு யூடியூப்பில் விளையாட்டுச் செய்தி போடுகிறவன். ஜவஹரைப் பற்றி ஒரு மணி நேரப் படம் எடுப்பதாகச் சொன்னான். மரியாதையாகத்தான் பேசினான். பிறகு மொபைலில் ஒரு துண்டைக் காட்டினான்.

அதில் தேசப்பன் இருந்தான். முகம் ஊதியிருந்தது. இடது கண் பாதி மூடி, வெள்ளையாகத் தெரிந்தது. "ஜவஹர் சார் தான் சொன்னாரு, அஞ்சாவது ரவுண்டுல வுழுந்துடுன்னு" என்று அவன் கேமராவைப் பார்க்காமல் சொன்னான்.

ஷோயப் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தான். தேசப்பன் விழுந்தது மூன்றாவதில். அவன் சொல்வது ஐந்தாவது. அந்தக் கணக்கு பிடிபடாமல் அவன் அதையே சாய்சரணிடம் கேட்டான். சாய்சரணுக்கும் தெரியவில்லை. போட்டிக்குப் பணம் போட்ட கம்பெனி புது முகம் வேண்டும் என்று கேட்டதாகக் கேள்வி, அதனால் உங்களை ஜெயிக்க வைத்திருக்கலாம் என்றான். உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா என்று மட்டும் கேமரா முன்னால் சொன்னால் போதும் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று ஷோயப் அவனை அனுப்பிவிட்டான். அனுப்பிய பிறகு திரும்பிப் பார்த்தால் மேஜைக்குப் பின்னால் அவனே கை ஓங்கி நின்றுகொண்டிருந்தான்.

மத்தியானமே அவன் தி. நகருக்குப் போனான். பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் ஜவஹரின் அலுவலகம். அவர் டிபன் கேரியரைத் திறந்து வைத்துத் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் எழுந்து ஒரு தட்டைக் கழுவி எடுத்து வந்து, கேட்காமலே பாதியை வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே ஷோயப் விஷயத்தைச் சொன்னான். அவர் மறுப்பார், கோபப்படுவார், தேசப்பனைத் திட்டுவார் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவனுக்கு அவர் ஆமாம் என்று தலையாட்டியது தூக்கிவாரிப் போட்டது.

"சொன்னேன். இல்லேன்னு யாரு சொன்னா?" என்றார் ஜவஹர். "போட்டிக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்தோம் நைனா. அவனுக்கு இடது கண்ணுல உள்ள சவ்வு கிழியற மாதிரி இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. ரிங்குல ஏத்தாதீங்கன்னாரு. அவன் என் கால்ல வுழாத கொறையா கெஞ்சினான், இந்த ஒரு ஃபைட்டுக்குத் தான் ஒரு வருஷமா உசுரக் குடுத்து ஓடினேன்னு. நான் என்ன பண்ணட்டும்? நாலு ரவுண்டு தள்ளி நின்னு ஆடு, அஞ்சுல படுத்துடு, கண்ணக் காப்பாத்திக்கன்னேன். அது தப்பா?"

"அப்ப நான் ஜெயிச்சது?"

"நீ அடிச்சே, அவன் வுழுந்தான். அதுல என்ன பொய் இருக்கு? உங்கிட்ட நான் எதாவது சொன்னனா?"

இல்லை, அவரொன்றும் சொல்லவில்லை என்றுதான் ஷோயப்புக்கும் தோன்றியது. அவர் வைத்த ஊறுகாயையும் தொட்டுக்கொண்டு தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான். ஒருவனுடைய கண்ணைக் காப்பாற்றத்தான் சொல்லியிருக்கிறார் என்று மனசின் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பனகல் பார்க் சிக்னலில் வண்டியை நிறுத்தியபோதுதான் அது ஞாபகம் வந்தது.

அன்று மண்டபத்தில் மணப்பெண் அறையைத்தான் அவனுக்கு உடை மாற்றக் கொடுத்திருந்தார்கள். கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது ஜவஹர் உள்ளே வந்து அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவன் முட்டியைத் தட்டி, "இடது பக்கம் பாரு. முகத்த மறைக்கிற கை அங்க இறங்கிடும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை பேர் இருக்க நம்மிடம் வந்து சொல்கிறாரே என்று அன்றைக்கு அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது ரவுண்டில் அவன் பார்த்ததும் அந்தப் பக்கத்தைத்தான்.

கண்ணைக் காப்பாற்ற நினைத்தவர் அந்தக் கண்ணையே அடிக்க ஏன் சொன்னார்? பின்னால் ஹார்ன் அடிக்கத் தொடங்கினார்கள். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ரூஹி தரமணியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே முன்னுக்குப் பின் முரணாக வந்தது. ஜவஹர் நல்லவர் என்று தொடங்கி, கெட்டவர் என்று வந்து, இல்லை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று முடித்தான். அவர் எதற்காகச் சொன்னார் என்பது உனக்கு எப்படித் தெரியும், அதை விடு என்றாள் ரூஹி. உன் கை என்ன செய்தது, உன் காது என்ன கேட்டது, அது இரண்டும் உனக்குத் தெரியும் அல்லவா என்று கேட்டாள். அவன் தெரியும் என்றான். அது அடி வாங்கிய ஆளுக்குத் தெரியுமா என்று அவள் கேட்டாள்.

மறுநாள் காலை பட்டினப்பாக்கம் போனான். ரோட்டோர மீன் கடைகளில் தேசப்பனின் மனைவிக்கு ஒரு பலகை உண்டு. அவள் எடை போட்டுக் கொடுப்பதைத் தேசப்பன் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பான். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு தூரம் பிடிபடவில்லையாம். வெட்டும்போதுகூட அப்படித்தான் போலிருக்கிறது, இடது கை விரல்களில் இரண்டைத் துணி சுற்றிக் கட்டியிருந்தான். ஷோயப் இந்த நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட இங்கே வந்ததில்லை. தோற்றவனை ஜெயித்தவன் போய்ப் பார்த்தால் குத்திக்காட்டுவதுபோல ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். கண் போனதும் அவனுக்கு நேற்று வரை தெரியாது.

"வா ஷோயபு" என்றான் தேசப்பன், ஆச்சரியமே படாமல். ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். ஷோயப்பைவிட நாலைந்து வயது பெரியவன்.

"அண்ணா, அது நெஜமா?" என்றுதான் ஷோயப்பால் கேட்க முடிந்தது.

தேசப்பன் ஒரு சங்கரா மீனின் செதிலைச் சீவி முடித்துவிட்டுத்தான் பேசினான். "அஞ்சுல வுழுன்னாரு, அது நெஜம். சரி சார்னு தலையாட்டிட்டேன். ஆனா வுழக்கூடாதுன்னு மனசுல வெச்சிக்கினு தான் ரிங்குல ஏறினேன். மூணுல உன் அடி வந்துச்சி. வந்ததே எனக்குத் தெர்ல, அந்தப் பக்கம் ஏற்கெனவே பொகையா கீது. கீழ போய்ட்டேன். ஆறு, ஏழுன்னு எண்றது நல்லா கேக்குது. எந்திரிச்சிருக்கலாம்னு தான் நெனைக்கிறேன். அப்ப ஒண்ணு தோணிச்சி பாரு. எப்படியும் வுழத்தான சொன்னாரு, இப்பவே வுழுந்தா இன்னான்னு. கால் வரலியா, மனசு வரலியா, இன்னி வரைக்கும் எனக்குத் தெர்ல."

ஒரு அம்மாள் வந்து மீனைப் பெரிய துண்டாக வெட்டச் சொன்னாள். அவன் வெட்டிக் கொடுத்தான். அவள் போனதும், ஸ்கேனைப் பற்றி ஷோயப் கேட்டான். கெஞ்சினாயாமே என்று கேட்டான். தேசப்பன் கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தான், முழு முகத்தையும் திருப்பி. தான் யாரிடமும் கெஞ்சவில்லை என்றான். ஸ்கேன் எடுத்தார்கள், பேப்பரை ஜவஹர் வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்றுமில்லை, சொட்டு மருந்து விட்டுக்கொள் என்றார், அவ்வளவுதான். போட்டி முடிந்து ஒரு வாரத்தில் கண்ணுக்குள் திரை இழுத்ததுபோல ஆகிவிட்டது. இரண்டு ஆபரேஷன் நடந்தும் திரை விலகவில்லை.

"ரெண்டு ஆபரேசனுக்கும் அவரு தான் கூட இருந்தாரு" என்றான் தேசப்பன். "இன்னி வரைக்கும் மாசா மாசம் அவரே கார் எடுத்துக்கினு வர்றாரு. ஆஸ்பத்திரில காலைல ஆறு மணிலேந்து எங்கூட கியூல குந்திகினு இருப்பாரு. என் கூடப் பொறந்தவன் ஒருநாள் வந்ததில்ல. அவர இன்னான்னு சொல்றது, நீயே சொல்லு."

அப்படியானால் கேமராவில் ஏன் சொன்னாய் என்று ஷோயப் கேட்டான். அந்தப் பையன் கேட்டான், சொன்னேன் என்றான் தேசப்பன். இதுவரை யாருமே கேட்டதில்லையாம்.

ஷோயப் பெட்டியிலிருந்து எழுந்து நின்றான். உட்கார்ந்தபடி அதைச் சொல்ல முடியாது என்று தோன்றியது. மணப்பெண் அறையில் ஜவஹர் வந்து சொன்னதை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னான். கண்ணில் கோளாறு இருந்தது தனக்குத் தெரியாது என்று சேர்த்துக்கொள்ள வாயெடுத்தான். அதைச் சொன்னால் சமாதானம் சொல்வதுபோல இருக்கும் என்று நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும் என்று அதையும் சொன்னான்.

தேசப்பனின் மனைவி தராசைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். தேசப்பன் கை வெட்டுப் பலகையின்மேல் அப்படியே இருந்தது. அவன் ஏதாவது கத்தினால் நன்றாக இருக்கும் என்று ஷோயப் நினைத்தான்.

"நீ போ ஷோயபு" என்றான் கடைசியில். "இன்னிக்குப் போ."

அந்த வாரமே அவன் மந்தைவெளியில் சாய்சரண் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போய்ப் பேசினான். விழச் சொன்னது தனக்குத் தெரியாது, இடது பக்கம் பார் என்று தன்னிடம் சொன்னது தெரியும், அந்தப் பக்கத்தை அடித்தது தன் கை. இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. ஜவஹர் உங்களை ஏமாற்றினாரா, வளர்த்தாரா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று சாய்சரண் நாலு விதமாகக் கேட்டான். இரண்டுமே சரியாகத்தான் பட்டது, இரண்டுமே தப்பாகவும் பட்டது. தெரியவில்லை என்றான். அந்தத் 'தெரியவில்லை'யை மட்டும் வெட்டிவிட்டுத்தான் வீடியோ வந்தது.

வந்தபின் நடந்தது எதுவும் அவன் நினைத்ததுபோல் இல்லை. வீடியோவுக்குக் கீழே எழுதியவர்களில் பாதிப் பேர் அவனை நன்றி கெட்டவன் என்றார்கள். மீதிப் பேர் அவனையும் கூட்டுக் களவாணி என்றார்கள். ஜிம்முக்கு வருகிறவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, முன்பைவிட அதிகமாக 'சார்' போட்டார்கள். சுவாமிநாதன் நல்ல மனுஷர். வேலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வெள்ளையடிக்கப் போகிறோம் என்று சொல்லி அந்தப் படத்தை மட்டும் கழற்றிச் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்தார். மாமனார் ரூஹியைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளை அடித்தது உண்மையான அடிதானே என்று விசாரித்தாராம்.

மூன்றாம் நாள் ஜவஹர் போன் செய்தார். ஷோயப் எடுப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்து, கடைசி மணியில் எடுத்தான். அவர் குரலில் கோபமே இல்லை. நன்றாகப் பேசினாய், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்றார். பிறகு, "ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு நைனா. உனக்குத் தெரியாது, அதனால சொல்றேன். உன் விலாவப் பத்தி தேசப்பன்கிட்டயும் சொன்னேன்" என்றார்.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு பயிற்சியில் ஷோயப்புக்கு வலது விலா எலும்பில் கீறல் விழுந்திருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனதே ஜவஹர்தான். யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் அங்கேயே அடிப்பான் என்று சொன்னவரும் அவர்தான்.

"ரெண்டு பேருக்கும் சொன்னாத் தான சமம்" என்றார் ஜவஹர், பந்தியில் இரண்டு இலைக்கும் ஒரே அளவு பாயசம் ஊற்றியவர்போல.

"விழச் சொன்ன ஆளுகிட்ட என் விலாவ எதுக்கு சார் சொன்னீங்க? விழப் போறவனுக்கு அது எதுக்கு?"

ஜவஹர் இருமினார். "எனக்கே புரியல நைனா. நானும் ரெண்டு நாளா அதத் தான் யோசிக்கிறேன். உன்னப் பாக்கறப்ப உனக்கு நல்லது தோணுச்சு, அவனப் பாக்கறப்ப அவனுக்கு நல்லது தோணுச்சு. மண்டபம் நெறஞ்சிருந்துச்சா, ஃபைட்டு நல்லா இருக்கணும்னும் தோணுச்சு. அப்பப்ப தோணினதச் சொன்னேன்." அது பொய்யா உண்மையா என்று ஷோயப்பால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே அது தெரியாது போலிருந்தது.

இன்றைக்குப் போ என்றுதானே தேசப்பன் சொன்னான், இனிமேல் வராதே என்று சொல்லவில்லையே என்று தைரியப்படுத்திக்கொண்டு ஷோயப் திரும்பவும் பட்டினப்பாக்கம் போனான். தேசப்பன் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தான். விலாவைப் பற்றிக் கேட்டதும், ஆமாம், சொன்னார் என்றான் சாதாரணமாக.

"அப்ப ஏன்ணா அங்க அடிக்கல?"

"அடிச்சேனே. ரெண்டாவது ரவுண்டுல ஒருவாட்டி அடிச்சேன். நீ மூச்சு இழுத்த சத்தம் கேட்டுச்சி. அப்பால அங்க அடிக்கல."

"ஏன்?"

"தெர்ல" என்றான் தேசப்பன். தண்ணீரை உதறினான். "வுடு. உனக்கு இங்கிலீஷ் படிக்க வரும்ல? அந்த ஸ்கேன் பேப்பர்ல இன்னா எழுதி இருந்துச்சின்னு எனக்கு யாரும் படிச்சிக் காட்டல. ஆழ்வார்பேட்டைல தான் எடுத்தது. எங்கூட வரியா?"

அப்போதே ஷோயப் அவனை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு போனான். ஸ்கேன் எடுத்த இடம் இன்னும் பழைய தெருவிலேயேதான் இருந்தது. தேசப்பன் மீன் வாசனை வருமோ என்று வாசலிலேயே தயங்கினான், ஷோயப் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். கவுன்ட்டரில் இருந்த பெண் பெயர், வருடம், மாதம் எல்லாம் பொறுமையாகக் கேட்டுத் தட்டிப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு மேல் ஆனது எதுவும் கம்ப்யூட்டரில் இருக்காது என்றாள். அப்போதே பேப்பரைக் கொடுத்திருப்போமே, வீட்டில் இருக்கிறதா பாருங்கள் என்றாள். வேறு எங்காவது பிரதி இருக்குமா என்று ஷோயப் இரண்டு தடவை கேட்டான். அவள் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, இல்லை என்றாள். அவள் முகத்திலேயே வருத்தம் இருந்தது.

வெளியே வந்து இருவரும் டீக்கடையில் நின்றார்கள். அந்தப் பேப்பரில் கண்ணைப் பற்றி எழுதியிருந்ததா, எழுதியிருந்தால் ஜவஹர் அதைப் படித்தாரா, படித்துவிட்டுத்தான் விழச் சொன்னாரா, இல்லை எல்லாம் முடிந்தபிறகு சேர்த்துச் சொன்ன கதையா, எதுவும் இனி தெரியப்போவதில்லை.

"பேப்பரு அவருகிட்ட தான் இருக்கும்" என்றான் ஷோயப். "போய்க் கேப்பமா?"

தேசப்பன் டீயைக் குடித்து முடித்தான். "கேட்டா எதுனா ஒண்ணு சொல்வாரு" என்றான். "நாமளும் சரின்னு வந்துடுவோம்."

ஷோயப் அவனைப் பட்டினப்பாக்கத்தில் இறக்கிவிட்டான். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு ஜவஹரோடு போவதா, தனியாகப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றான் தேசப்பன். அவர் இல்லாமல் டாக்டரிடம் என்ன பேசுவது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னான். நான் வருகிறேன் என்று சொல்ல ஷோயப்புக்கு நாக்கு வரை வந்தது. அதைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று தெரியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தேசப்பன் கடைக்குப் போய், நாலு சங்கராவைச் சுத்தம் பண்ணிப் பையில் போட்டு, வண்டியில் மாட்டிவிட்டான். வீட்டுக்காரிக்கு வறுக்கத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றான் ஷோயப்.